சிக்னலுக்கு சிக்னல் நிற்கும் சாலையில் ஹைபிரிட் எஸ்யூவி: உங்க 2.5 லட்சம் எத்தனை வருஷத்தில் திரும்பி வரும்?

பெங்களூருவிலிருந்து மைசூரு போகும் நெடுஞ்சாலையில் பிடதி என்று ஓர் ஊர் வரும். தட்டு இட்லிக்குப் பேர் போன ஊர். டொயோட்டா கிர்லோஸ்கர் நிறுவனத்தின் கார் தொழிற்சாலையும் அங்கேதான் இருக்கு. இந்தியச் சாலைகளில் இன்று அதிகம் பேசப்படும் மூன்று ஹைபிரிட் எஸ்யூவிகள் இந்த ஓர் ஊரிலிருந்துதான் வெளியே வருகின்றன: டொயோட்டா அர்பன் க்ரூஸர் ஹைரைடர், மாருதி சுசூகி கிராண்ட் விட்டாரா, இன்னோவா ஹைகிராஸ். மூன்றும் 2022-ல் அறிமுகமானவை. கிராண்ட் விட்டாரா மாருதியின் பெயரில் விற்றாலும், அதைத் தயாரித்துக் கொடுப்பது டொயோட்டாவின் பிடதி ஆலை.

அந்தத் தொழிற்சாலை வாசலில் நின்றால் ஹைபிரிட் காரின் இரண்டு உலகங்களும் தெரியும். ஒரு பக்கம் மைசூரு வரை நீளும் சுமார் 118 கி.மீ. விரைவுச்சாலை. 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. சிக்னல் கிடையாது, 100 கி.மீ. வேகம் வரை அனுமதி. மறுபக்கம் பெங்களூரு. டாம்டாம் நிறுவனத்தின் 2024-ம் ஆண்டுக்கான போக்குவரத்துக் குறியீட்டின்படி, அந்த நகரில் 10 கி.மீ. கடக்க சராசரியாக 34 நிமிடம் 10 விநாடி ஆனது. உலக அளவில் மூன்றாவது மெதுவான நகரம்.

ஒரே கார்தான். ஒரு பக்கம் ஓட்டினால் உங்க பணத்தை நாலு வருஷத்தில் திருப்பிக் கொடுக்கும். இன்னொரு பக்கம் ஓட்டினால் பதினாறு வருஷம் ஆகும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருது, உங்க தினசரிப் பயணம் இதில் எந்தப் பக்கம் நிற்குதுன்னு கணக்குப் போட்டே பார்த்துடலாம்.

முதலில், எது ஹைபிரிட்?

ஷோரூமில் 'ஹைபிரிட்' என்ற ஒரே வார்த்தை இரண்டு வேறு பொருட்களுக்குப் பயன்படுகிறது. குழப்பம் இங்கேதான் தொடங்குது.

ஒன்று, 'மைல்டு ஹைபிரிட்'. மாருதி இதை ஸ்மார்ட் ஹைபிரிட் என்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் சேர்ந்த ஒரு சிறு கருவி, பெல்ட் மூலம் இன்ஜினோடு இணைந்திருக்கும். சிக்னலில் இன்ஜினை அணைக்கும், மறுபடி எழுப்பும், கிளம்பும்போது கொஞ்சம் தள்ளிவிடும். ஆனால் இன்ஜின் இல்லாமல் காரை ஓர் அடிகூட நகர்த்தாது.

இரண்டாவது, 'ஸ்ட்ராங் ஹைபிரிட்'. இதில் காரைத் தனியாகவே நகர்த்தக்கூடிய மின்மோட்டார் இருக்கு. ஹைரைடர், கிராண்ட் விட்டாரா இரண்டிலும் 1.5 லிட்டர், 3 சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், அதோடு சுமார் 80 குதிரைத்திறன் கொண்ட மோட்டார், 0.76 கிலோவாட் அவர் லித்தியம் அயான் பேட்டரி. கிலோவாட் அவர்னா வேற ஒண்ணுமில்லை, நம்ம வீட்டு கரண்ட் பில்லில் வரும் 'யூனிட்'தான். ஆக, இந்தக் காரின் பேட்டரியில் முக்கால் யூனிட் மின்சாரம் நிற்கும். ஒரு முழு மின்சார எஸ்யூவியில் 40, 50 யூனிட் பேட்டரி இருப்பது சாதாரணம்.

இவ்வளவு சின்ன பேட்டரி என்ன பெரிசா செஞ்சிடும் என்று தோன்றும். நெரிசலில் அதுக்கு இவ்வளவே போதும். ஏன் என்று பார்க்கலாம்.

இந்தக் கட்டுரையில் இனி 'ஹைபிரிட்' என்று வருவதெல்லாம் ஸ்ட்ராங் ஹைபிரிட்டைத்தான் குறிக்கும்.

ஒரு சிக்னலின் விலை: மூணு டீஸ்பூன் பெட்ரோல்

ஆள் ஏறிய ஒரு நடுத்தர எஸ்யூவி சுமார் 1,450 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். அதை நின்ற நிலையிலிருந்து 40 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுபோக எவ்வளவு ஆற்றல் வேண்டும்? பள்ளிக்கூட இயற்பியல்தான்: எடையில் பாதி, பெருக்கல் வேகத்தின் இருமடி. விடை சுமார் 0.025 யூனிட்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் அடைபட்டிருக்கு. ஆனால் நெரிசலில் ஊர்ந்து போகும் பெட்ரோல் இன்ஜின் அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும். மீதி சூடாகப் போய்விடும். ஆக, அந்த 0.025 யூனிட்டைச் சக்கரத்தில் சேர்க்க ஏறத்தாழ 14 மில்லி பெட்ரோல் எரிய வேண்டும். கிட்டத்தட்ட மூணு டீஸ்பூன்.

சரி, 40 கி.மீ. வேகம் வந்தாச்சு. இருநூறு மீட்டரில் அடுத்த சிக்னல். பிரேக் அடிக்கிறீங்க. அந்த மூணு டீஸ்பூனும் பிரேக் டிஸ்க்கில் சூடாகி, காற்றில் கலந்துவிட்டது. பச்சை விழுந்ததும் இன்னொரு மூணு டீஸ்பூன்.

10 கி.மீ. தூரத்தில் 30 முறை இப்படி நின்று கிளம்பினால், ஒரு பெட்ரோல் ஆட்டோமேட்டிக் எஸ்யூவியின் கணக்கு தோராயமாக இப்படி வரும்:

• நின்று கிளம்ப: 420 மில்லி
• டயர் உராய்வையும் காற்றுத் தடையையும் வெல்ல: 240 மில்லி
• ஏசிக்கு: 200 மில்லி
• 34 நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்கு சும்மா நின்றால், ஐடிலிங்கில் எரிவது: 150 மில்லி

கூட்டினால் ஒரு லிட்டரைத் தொடும். அதாவது லிட்டருக்கு 10 கி.மீ. நகரத்தில் ஆட்டோமேட்டிக் எஸ்யூவி வைத்திருப்பவர் யாரைக் கேட்டாலும் இந்த எண்ணுக்குப் பக்கத்தில்தான் சொல்வார்.

இந்தப் பட்டியலை மறுபடி ஒருமுறை பாருங்க. உண்மையில் உங்களை 10 கி.மீ. நகர்த்தத் தேவைப்பட்டது அந்த 240 மில்லிதான். பிரேக்கில் போனதும் ஐடிலிங்கில் போனதும் மட்டுமே பாதிக்கு மேல்.

அதே சாலையில் ஹைபிரிட் என்ன செய்கிறது?

மூன்று வேலை செய்கிறது.

முதல் வேலை: பிரேக்கில் போனதைப் பிடித்துவைக்கிறது. நீங்க பிரேக் மிதிக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி, சக்கரத்தின் வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்புகிறது. முழுசாகத் திரும்பி வராது. மோட்டார், பேட்டரி, மறுபடி மோட்டார் என்று சுற்றி வருவதில் இழப்பு உண்டு. போட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் திரும்பக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இங்கேதான் முக்கால் யூனிட் பேட்டரி ஏன் போதும் என்பதற்கு விடை இருக்கு: ஒரு நிறுத்தத்துக்கு 0.025 யூனிட். இப்படி முப்பது நிறுத்தங்களின் ஆற்றல் சேர்ந்தால்தான் பேட்டரி நிரம்பும். சேமித்ததை அடுத்த நிமிடமே செலவழிக்கும் கைச்செலவுப் பர்ஸ் மாதிரி. வங்கி லாக்கர் தேவையில்லை.

இரண்டாவது வேலை: நிற்கும்போதும் ஊரும்போதும் இன்ஜினை அணைத்துவிடுகிறது. ஐடிலிங் கணக்கு கிட்டத்தட்ட பூஜ்யம். மைல்டு ஹைபிரிட்டும் சிக்னலில் இன்ஜினை அணைக்கும்தான். ஆனால் அதில் ஏசி கம்ப்ரஸர் இன்ஜின் பெல்ட்டில் ஓடுவது. இன்ஜின் நின்றால் கம்ப்ரஸரும் நிற்கும். ஒரு நிமிடத்தில் உள்ளே சூடேறும், இன்ஜின் மறுபடி எழும். ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் கம்ப்ரஸர் பேட்டரி மின்சாரத்தில் ஓடுகிறது. இன்ஜின் தூங்க, ஏசி வேலை செய்யும்.

மூன்றாவது வேலை: இன்ஜின் ஓடும்போது அதை நல்லபடியாக ஓட்டுகிறது. பெட்ரோல் இன்ஜினுக்கு லேசான வேலை கொடுத்தால் வீணடிக்கும், நடுத்தரமான சுமை கொடுத்தால் சிக்கனமாக ஓடும். ஹைபிரிட்டில் கணினி இன்ஜினை அந்தச் சிக்கனமான இடத்தில் ஓடவிட்டு, மிச்சமாகும் சக்தியை பேட்டரிக்குத் திருப்பிவிடுகிறது. இதற்கென்றே 'அட்கின்சன் சுழற்சி' என்ற முறையில் வடிவமைத்த இன்ஜின்கள் இவை. இழுவை கொஞ்சம் குறைவு. அந்தக் குறையை மோட்டார் ஈடுகட்டும். 2015-ல் வந்த பிரியஸ் காரின் இன்ஜினுக்கே 40 சதவீதம் வெப்பத்திறன் என்று டொயோட்டா அறிவித்தது. அது உச்ச அளவு. நெரிசலில் 35 சதவீதம் கிடைத்தாலே பெட்ரோல் காரின் 20 சதவீதத்தோடு ஒப்பிட்டால் பெரிய லாபம்.

இப்போது அதே 10 கி.மீ., அதே 30 நிறுத்தம்:

• நின்று கிளம்ப: 110 மில்லி
• டயர், காற்று: 150 மில்லி
• ஏசி: 200 மில்லி
• ஐடிலிங்: ஏறத்தாழ இல்லை

மொத்தம் அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சில்லறை இழப்புகளையும் சேர்த்து, லிட்டருக்கு 20 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் காரைப் போல இரண்டு மடங்கு.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கு. பெட்ரோல் காரில் ஏசியின் பங்கு ஐந்தில் ஒன்று. ஹைபிரிட்டில் மற்ற செலவெல்லாம் சுருங்கியதால், ஏசியே ஐந்தில் இரண்டு பங்கு ஆகிவிடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் 'என் ஹைபிரிட் மைலேஜ் திடீர்னு விழுந்துடுச்சு' என்று புலம்புபவர்களின் காரில் பெரும்பாலும் எந்தக் கோளாறும் இருக்காது. வெயில்தான் காரணம்.

பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?

ஒரு விபத்து, ஒரு மழை, சில்க் போர்டு சந்திப்பில் வண்டி அசையவே இல்லை. ஹைபிரிட் எவ்வளவு நேரம் இன்ஜின் இல்லாமல் நிற்கும்?

பேட்டரியின் ஆயுளைக் காக்க, அதை முழுசாக நிரம்பவும் முழுசாகக் காலியாகவும் கார் விடுவதில்லை. நடைமுறையில் பாதி, அதாவது 0.38 யூனிட் கைக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மத்தியான வெயிலில் ஏசியும் விளக்கும் சேர்ந்து ஒன்றேகால் கிலோவாட் இழுத்தால், 18 நிமிடம். அதன்பிறகு இன்ஜின் தானாக எழுந்து பேட்டரியை நிரப்பும். நிரப்பிவிட்டு மறுபடி அணையும். கார் நிற்கும்போது இன்ஜின் ஓடுகிறதே என்று பதற வேண்டாம். அந்த நேரத்திலும் வெறும் ஐடிலிங்கில் ஓடும் பெட்ரோல் காரைவிட அது உருப்படியாகவே எரிக்கிறது.

ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்க. பழைய காரில் சிக்னலுக்கு சிக்னல் நியூட்ரலில் போடுவோம். டொயோட்டா வகை ஹைபிரிட்டில் நியூட்ரலில் நின்றால் பேட்டரி சார்ஜ் ஆகாது. 'டி' நிலையிலேயே பிரேக்கை மிதித்து நில்லுங்க.

பிரோஷர் சொல்வதில் எது பொய், எது அடக்கம்?

கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கு அறிமுகத்தின்போது அறிவிக்கப்பட்ட சான்றளித்த மைலேஜ் லிட்டருக்கு 27.97 கி.மீ. அதே காரின் மைல்டு ஹைபிரிட் ஆட்டோமேட்டிக்குக்கு 20.58. ஹைகிராஸில் ஹைபிரிட்டுக்கு 23.24, சாதா பெட்ரோலுக்கு 16.13.

'எவன் ஓட்டி 28 வாங்கினான்?' என்று கேட்பீங்க. யாரும் சாலையில் ஓட்டவில்லை. இந்தச் சோதனை ஆய்வகத்தில் உருளைகளின் மேல் நடப்பது. காரின் ஏசி அணைந்திருக்கும். மொத்தம் 1,180 விநாடி. அதில் 780 விநாடி நகர ஓட்டம், சுமார் 4 கி.மீ.; மீதி 400 விநாடி ஊருக்கு வெளியே ஓடுவது போன்ற ஓட்டம், சுமார் 6.6 கி.மீ., உச்ச வேகம் 90. சராசரி வேகம் மணிக்கு 32 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். பெங்களூருவின் 10 கி.மீ.க்கு 34 நிமிடம் என்ற கணக்கில் சராசரி வேகம் 17.6 கி.மீ. உங்க ஆபீஸ் பயணம் அந்த ஆய்வக ஓட்டத்தின் பாதி வேகத்தில், ஏசியோடு நடக்குது. அப்புறம் அந்த எண் எப்படி வரும்?

ஆக, பிரோஷர் எண் இரண்டு காருக்குமே கூடுதலாகக் காட்டுகிறது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை அது குறைத்துக் காட்டுகிறது என்பது பலருக்குத் தெரியாது.

இதைப் பார்க்க மைலேஜைத் தலைகீழாகப் போட வேண்டும்: லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்பதை விட்டுவிட்டு, 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று கேளுங்க. சான்றிதழ்படி கிராண்ட் விட்டாரா மைல்டு ஆட்டோமேட்டிக் 100 கி.மீ.க்கு 4.86 லிட்டர், ஹைபிரிட் 3.58 லிட்டர். மிச்சம் 1.28 லிட்டர். நாம் போட்ட நெரிசல் கணக்கில் பெட்ரோல் 10 லிட்டர், ஹைபிரிட் 5 லிட்டர். மிச்சம் 5 லிட்டர். கிட்டத்தட்ட நாலு மடங்கு.

இந்தத் தலைகீழ்க் கணக்கு இன்னொரு வீண் சண்டையையும் தீர்த்துவைக்கும். ஆபீஸ் கேன்டீனில் ஒருவர் 'என் ஹைபிரிட் 20 கொடுக்குது', இன்னொருவர் 'என்னோடது 25' என்றால், இடைவெளி பெரிதாகத் தெரியும். 100 கி.மீ.க்கு அது ஒரே ஒரு லிட்டர். 10-லிருந்து 20-க்குப் போவதில்தான் 5 லிட்டர் இருக்கு. மோசமான மைலேஜைச் சுமாராக்குவதில்தான் பணம். நல்ல மைலேஜை மேலும் நல்லதாக்குவதில் அவ்வளவு இல்லை.

விரைவுச்சாலையில் ஏன் அந்த லாபம் இல்லை?

மைசூரு விரைவுச்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது பிரேக்கே இல்லை. பிடித்துவைக்க எதுவும் இல்லை. நிற்பதும் இல்லை, அணைத்துவைக்க நேரமில்லை. பெட்ரோல் இன்ஜினும் அந்த வேகத்தில் நல்ல சுமையில் ஓடுவதால் தன் சிக்கனமான இடத்துக்கு அருகில் இருக்கிறது. ஹைபிரிட்டின் மூன்று வேலைகளில் இரண்டுக்கு விடுமுறை. இரண்டு கார்களுக்கும் எதிரி ஒன்றே: காற்று. வேகம் இரு மடங்கானால் காற்றுத் தடை நாலு மடங்கு. உயரமான எஸ்யூவி முகப்புக்கு அது இன்னும் அதிகம்.

அதனால் அங்கே பெட்ரோல் 16, ஹைபிரிட் 20 என்று வைத்துக்கொள்வோம். 100 கி.மீ.க்கு மிச்சம் 1.25 லிட்டர்தான்.

மைசூருவிலிருந்து கொள்ளேகாலம், ஹனூர் தாண்டி ராமாபுரம் பக்கம் போகும் சாலைகளும் ஏறக்குறைய இதே கதைதான். சிக்னல் இல்லை, நெரிசல் இல்லை, 60, 70-ல் நிதானமான ஓட்டம். அந்தப் பகுதியில் மலைச் சாலையும் உண்டே, இறக்கத்தில் பேட்டரி நிறையுமே என்று கேட்கலாம். நிறையும், ஆனால் சீக்கிரமே நிறைந்துவிடும். 1,450 கிலோ கார் 300 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 1.2 யூனிட் ஆற்றல் வெளிவரும். பேட்டரியின் கொள்ளளவோ 0.76. மாதேஸ்வரன் மலை போன்ற இடத்திலிருந்து இறங்கும்போது பாதி வழியிலேயே 'இதுக்கு மேல இடமில்லை' என்று சொல்லிவிடும். நீண்ட இறக்கத்தில் கியரை 'பி' நிலைக்கு மாற்றி இன்ஜின் பிரேக்கிங் எடுப்பது பாதுகாப்பு. சின்ன பர்ஸின் குறை இதுதான்: சில்லறைக்குச் சரி, மொத்தமாக வந்தால் கொள்ளாது.

இனி ரூபாய்க் கணக்கு

ஒரே மாடலில், ஒரே மாதிரி வசதிகளுடன், மைல்டு ஆட்டோமேட்டிக்குக்கும் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கும் விலை வித்தியாசம் 2.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 103 ரூபாய். உங்க டீலர் கொட்டேஷனும் உங்க ஊர் விலையும் வேறாக இருந்தால் அதைப் போட்டுக்கோங்க; முறை இதேதான்.

வருஷம் 12,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள் என்றால்:

• முழுக்க நகர நெரிசல்: 600 லிட்டர் மிச்சம், 61,800 ரூபாய். 2.5 லட்சம் திரும்ப 4 வருஷம்.
• முழுக்க நெடுஞ்சாலை: 150 லிட்டர் மிச்சம், 15,450 ரூபாய். 16 வருஷம்.

விற்பனையாளர் முதல் வரியைக் காட்டிவிட்டு நிறுத்திவிடுவார். ஆனால் 2.5 லட்சம் என்பது ஷோரூம் விலை வித்தியாசம். அதன்மேல் சாலை வரி இருக்கு. கர்நாடகத்தில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான காருக்கு 17 சதவீதம், 2.5 லட்சத்துக்கு 42,500 ரூபாய். அந்தக் கூடுதல் 2.5 லட்சத்தையும் கடனில் எடுத்தால், 9 சதவீத வட்டியில் ஐந்து வருஷத்துக்குச் சுமார் 61,000 ரூபாய் வட்டி. ஆக உண்மையான இடைவெளி 3.54 லட்சம். நகர நெரிசலில் நாலு வருஷம் என்றது, ஐந்தே முக்கால் வருஷமாகிறது. மறுவிற்பனையில் ஹைபிரிட்டுக்குக் கூடுதல் விலை கிடைத்தால் இதில் கொஞ்சம் குறையும். அதை இப்போதே எண்ணிவைக்காமல் இருப்பது நல்லது.

யாரும் சொல்லாத சிக்கல்: நெரிசலில் கிலோமீட்டர் ஓடாது

இப்போது உங்க பயணத்துக்கு வருவோம். ஆபீஸ் 12 கி.மீ. தூரம். போக வர 24. வருஷத்துக்கு 240 நாள். மொத்தம் 5,760 கி.மீ.

17.6 கி.மீ. வேகத்தில் இதற்கு ஆகும் நேரம் 327 மணி. வருஷத்தில் பதிமூணரை முழு நாட்கள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கீங்க. அவ்வளவு நேரம் உட்கார்ந்தும் ஓடியது 5,760 கி.மீ.தான். மிச்சமாகும் பெட்ரோல் 288 லிட்டர், சுமார் 29,700 ரூபாய். 3.54 லட்சம் திரும்ப கிட்டத்தட்ட 12 வருஷம்.

நெரிசல் ஒவ்வொரு கிலோமீட்டரின் லாபத்தையும் கூட்டுகிறது. அதே நெரிசல் நீங்க ஓட்டும் கிலோமீட்டரைக் குறைத்தும் விடுகிறது. 'ரொம்ப டிராஃபிக், அதான் ஹைபிரிட் எடுக்கிறேன்' என்பது பாதிக் காரணம்தான். டிராஃபிக்கும் இருக்கணும், தூரமும் இருக்கணும்.

எவ்வளவு தூரம்? ஒரு நகரக் கிலோமீட்டருக்கு மிச்சம் 5.15 ரூபாய். 3.54 லட்சத்தை அதால் வகுத்தால் சுமார் 68,700 கி.மீ. இந்தக் கார்களின் ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1.6 லட்சம் கி.மீ. உத்தரவாதம். அந்த 8 வருஷத்துக்குள் போட்ட பணம் திரும்ப வேண்டும் என்றால் வருஷத்துக்கு 8,600 கி.மீ. நகர ஓட்டம் தேவை. வேலை நாள் கணக்கில் தினம் 36 கி.மீ. கடன் இல்லாமல் கையிலிருக்கும் பணத்தில் வாங்கினால் தினம் 30 கி.மீ. போதும்.

இதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்கோ, கெங்கேரியிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கோ தினமும் தானே ஓட்டிப் போகிறவர் இந்தக் கோட்டைத் தாண்டிவிடுவார். ராமாபுரத்தில் வீடு, கிண்டியில் ஆபீஸ் என்று இருக்கும் சென்னைக்காரர் தாண்டமாட்டார், அவர் சாலை எவ்வளவு நெரிசலாக இருந்தாலும்.

வரி யார் பக்கம்?

அரசின் மனநிலையும் இந்தக் கணக்கை மாற்றியிருக்கிறது. 2015-ல் வந்த ஃபேம் திட்டத்தில் மைல்டு ஹைபிரிட்டுக்கும் மானியம் கிடைத்தது. 2017 ஏப்ரலில் அதை நீக்கினார்கள். அதே ஆண்டு ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது, 4 மீட்டருக்கு மேல் நீளமான ஹைபிரிட் கார்களுக்கு செஸ்ஸும் சேர்த்து 43 சதவீதம். பெரிய எஸ்யூவிக்கு 50 வரை போனதோடு ஒப்பிட்டால் இது சின்னச் சலுகை. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த இடைவெளியும் போய்விட்டது. பெரிய பெட்ரோல் காருக்கும் ஹைபிரிட்டுக்கும் ஒரே 40 சதவீதம். மின்சாரக் காருக்கு மட்டும் 5 சதவீதம். மாநில அளவில் உத்தரப் பிரதேசம் 2024 ஜூலையில் ஸ்ட்ராங் ஹைபிரிட் கார்களுக்குப் பதிவு வரியை முழுசாகத் தள்ளுபடி செய்தது. அப்படி ஒரு சலுகை உங்க மாநிலத்தில் வந்தால், மேலே போட்ட கணக்கில் 42,500 ரூபாய் அப்படியே கழிந்துவிடும்.

அப்போ மின்சாரக் காரே எடுத்துடலாமா? வீட்டில் சார்ஜ் போட இடமிருந்தால், நகர ஓட்டத்துக்கு மட்டும் என்றால், எண்கள் அந்தப் பக்கம்தான் சாய்கின்றன. 100 கி.மீ.க்கு 16 யூனிட், யூனிட் 8 ரூபாய் என்றால் 128 ரூபாய். ஹைபிரிட்டுக்கு 515. ஆனால் வாடகை வீடு, அசோசியேஷன் அனுமதி கிடைக்காத அபார்ட்மென்ட், தெருவில் நிறுத்தும் நிலை, மாதம் இருமுறை ஊருக்கு நீண்ட பயணம் என்றால் சார்ஜர் தேடாமல் ஓடும் ஹைபிரிட்டுக்கு ஒரு மதிப்பு உண்டு. அந்த வசதிக்கான விலையாக அந்தப் பணத்தைப் பாருங்க, லாபமாகப் பார்க்காதீங்க.

வாங்கியாச்சு, எப்படி ஓட்டணும்?

• முன்னால் சிவப்பு தெரிந்தால் உடனே காலை எடுத்து, நீளமாக, மெதுவாகப் பிரேக் பிடியுங்க. மெதுவான பிரேக்கை மோட்டார் வாங்கிக்கொள்ளும். சடன் பிரேக் அடித்தால் டிஸ்க்குக்குப் போய் சூடாகிவிடும்.
• வெயிலில் நின்ற காரில் ஏறியதும் ஜன்னலைத் திறந்து சூட்டை வெளியேற்றிவிட்டு ஏசி போடுங்க. 20 டிகிரிக்குப் பதில் 24 வையுங்க. ஹைபிரிட்டில் மிச்சம் பிடிக்க இருக்கும் பெரிய இடம் இதுதான்.
• இரண்டு, மூன்று கி.மீ. சின்னப் பயணங்களில் அதிசயம் எதிர்பார்க்காதீங்க. இன்ஜினும் புகை வடிகட்டியும் சூடாக வேண்டும் என்பதற்காகவே தொடக்கத்தில் இன்ஜின் ஓடும்.
• டயர் காற்றை மாதம் இருமுறை பாருங்க. பிரேக்கில் போவது திரும்பி வரும். டயர் உராய்வில் போவது திரும்பாது.
• பேட்டரிக்குக் காற்று போகும் துளையைப் பை, துணி வைத்து அடைக்காதீங்க.

முடிவெடுக்க ஒரே ஒரு வாரம்

டெஸ்ட் டிரைவுக்கு முன்னால் இதைச் செய்யுங்க. இப்போது வைத்திருக்கும் வண்டியில், திங்கள் காலை டேங்கை நிரப்பி டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்க. அடுத்த திங்கள் மறுபடி நிரப்புங்க. எத்தனை கி.மீ., எத்தனை லிட்டர், எத்தனை மணி நேரம் என்று மூன்று எண் கிடைக்கும். கிலோமீட்டரை மணியால் வகுத்தால் உங்க சராசரி வேகம். அது 20-க்குக் கீழேயும், வேலை நாளில் தினசரித் தூரம் 36-க்கு மேலேயும் இருந்தால், கொட்டேஷன் கேளுங்க. வேகம் 20-க்குக் கீழே, தூரமும் குறைவு என்றால், உங்க பிரச்சினைக்குக் கார் தீர்வாகாது. 2025 ஆகஸ்ட்டில் திறந்த பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் சில்க் போர்டு வழியாகவே போகிறது. அதில் ஏறினால் மிச்சமாவது 288 லிட்டர் மட்டுமில்லை, அந்த 327 மணி நேரத்திலும் ஒரு பங்கு கையில் வரும். வேகம் 40-க்கு மேல் என்றால், அந்த 2.5 லட்சத்தைப் பையிலேயே வையுங்க. உங்க சாலையில் அதுக்கு வேலை இல்லை.